லோக்கலில் பேக்கேஜ் இன்ஸ்டால் ஏன் இவ்வளவு இழுக்கிறது? வேகமாக்க என்ன வழி?

மாடிப்படி

வணக்கம் மக்களே. நாங்கள் ஒரு சின்னக் குழு. முன்பக்கம் ரியாக்ட், பின்பக்கம் பைதான், எல்லாம் டாக்கர் கம்போஸில் (ஒவ்வொரு சர்வீஸையும் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓடும். என் மெஷின் விண்டோஸ் 11, உள்ளே டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), ராம் 16 ஜிபி, எஸ்எஸ்டி. மெஷினைக் குறை சொல்ல முடியாது.

கிட்டில் பிராஞ்ச் மாறும்போதெல்லாம், இறக்கிய ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்கள் (பிறர் எழுதிய தயார் கோட்) இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி போடும் ‘என்பிஎம் சிஐ’ அடிக்கச் சொல்லி எங்கள் ரீட்மியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அது முடிவதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பைதான் பக்கம் இன்னும் மோசம். கோடில் ஒரு கமா மாற்றினால்கூட டாக்கர் பில்டில் பாண்டாஸ், டார்ச் போன்ற பெரிய பைதான் பேக்கேஜ்கள் எல்லாம் முதலிலிருந்து இறங்குகிறது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிட் புல் (புதிய கோடை இறக்குவது) எடுத்தால் ஆபீஸ் லைன் படுத்தேவிடும்.

மேலே கேட்டால் “நெட் பிளானை மாற்றலாமா” என்கிறார்கள். பிஎன்பிஎம்முக்கு மாறு, யுவிக்கு மாறு, பன்னுக்கு மாறு என்று ஆளுக்கு ஒரு பேக்கேஜ் மேனேஜரை (பேக்கேஜ்களை இறக்கிப் போடும் கருவி) சொல்கிறார்கள். எதில் கை வைத்தால் பலன் இருக்கும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்டல்

பிஎன்பிஎம். மாறுங்கள், மறந்துவிடுங்கள். அவ்வளவுதான்.

கரிசல்காடு

சுண்டல் சொல்வது தப்பில்லை, ஆனால் நேரம் எங்கே போகிறது என்று தெரியாமல் கருவியை மாற்றினால் லாபம் கிடைத்தாலும் ஏன் கிடைத்தது என்று தெரியாது, கிடைக்காவிட்டால் அடுத்த கருவிக்கு ஓட வேண்டியதுதான்.

எந்தப் பேக்கேஜ் மேனேஜரை எடுத்தாலும் வேலை நாலு கட்டம். எந்த வெர்ஷன் வேண்டும் என்று முடிவு செய்வது, அதை இறக்குவது, பிரித்து டிஸ்க்கில் எழுதுவது, கடைசியாக இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்களை ஓட்டுவது. நெட் பிளான் உதவுவது இரண்டாவதில் மட்டும். நீங்கள் லாக் ஃபைல் (எல்லா வெர்ஷனையும் எழுதி வைத்த பட்டியல்) வைத்து சிஐ அடிப்பதால் முதல் கட்டம் ஏற்கனவே முடிந்த கதை. மிச்சம் மூன்று.

பிரித்துப் பார்ப்பது சுலபம். ஒருமுறை முழுசாக இன்ஸ்டால் பண்ணி கேஷ் (இறக்கியதைச் சேமித்து வைக்கும் இடம்) நிறைந்த பிறகு, ஃபோல்டரை அழித்துவிட்டு, அதே கமாண்டை ‘ஆஃப்லைன்’ ஃப்ளாக்கோடு அடியுங்கள். என்பிஎம் நெட்டைத் தொடவே தொடாது, உங்கள் ஹோமில் இருக்கும் கேஷிலிருந்து மட்டும் எடுக்கும். அப்போதும் அதே நேரம் எடுத்தால் நெட் மேல் பழி போடாதீர்கள். அப்புறம் அதோடு ‘இக்னோர் ஸ்கிரிப்ட்ஸ்’ சேர்த்து இன்னொரு தடவை. நேரம் சட்டென்று விழுந்தால் ஸ்கிரிப்ட்தான் திருடன். விழாவிட்டால் டிஸ்க்.

இன்னொரு கேள்வி: ப்ராஜெக்ட் ஃபோல்டர் எங்கே இருக்கிறது? டபிள்யூஎஸ்எல்லின் லினக்ஸ் ஹோமிலா, விண்டோஸ் சி டிரைவிலா?

மாடிப்படி

அண்ணா, செய்து பார்த்தேன். ஆஃப்லைனில் கொஞ்சம்தான் குறைந்தது. ஸ்கிரிப்ட் இல்லாமல் ஓட்டினால் நன்றாகவே குறைகிறது, ஆனாலும் மிச்சம் இருப்பதே நிமிடக் கணக்கு.

ஃபோல்டர் சி டிரைவில்தான், டாக்குமென்ட்ஸுக்குள். டபிள்யூஎஸ்எல் டெர்மினலிலிருந்து அங்கே போய் ஓட்டுகிறேன். அதுவும் ஒரு காரணமா?

பனைவடலி

அதுதான் பெரிய காரணம், மற்றதெல்லாம் பிறகு.

டபிள்யூஎஸ்எல் 2 என்பது ஒரு சின்ன விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் உண்மையான லினக்ஸ் கர்னல். அதற்கென்று சொந்தமாக, ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில், ஒரு டிஸ்க் இருக்கிறது. சி டிரைவை அது நேரடியாகத் தொடுவதில்லை, 9பி என்ற ப்ரோட்டோகால் வழியாக விண்டோஸிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறது. ஃபைலைத் திற, இருக்கிறதா பார், எழுது, மூடு என்று எல்லாமே தனித்தனி அழைப்பு. பத்துச் சாமான் வாங்க பத்துத் தடவை கடைக்கு நடக்கிற கதை. ஒரே பெரிய வீடியோ ஃபைல் என்றால் இது தெரியவே தெரியாது. நோட் மாட்யூல்ஸில் பல்லாயிரம் குட்டி ஃபைல்கள், அங்கேதான் முதுகு உடைகிறது. மைக்ரோசாஃப்டின் சொந்த ஆவணமே லினக்ஸ் கருவிகளால் வேலை செய்வதாக இருந்தால் ஃபைலை லினக்ஸ் பக்கம் வை என்றுதான் சொல்கிறது.

காப்பி பண்ணாதீர்கள், ஹோமில் புதிதாக க்ளோன் எடுங்கள். காப்பி பண்ணினால் பெர்மிஷனும் வரி முடிவுக் குறிகளும் குழம்பி கிட் எல்லா ஃபைலும் மாறிவிட்டது என்று காட்டும். விஎஸ் கோடுக்கு டபிள்யூஎஸ்எல் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, லினக்ஸ் பக்கம் இருந்தாலும் முன்பு போலவே திறக்கலாம்.

நைட்ஷிப்ட்

இதோடு விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பக்கம் எழுதப்படும் ஒவ்வொரு ஃபைலையும் அது முகர்ந்து பார்க்கும். டபிள்யூஎஸ்எல் வேண்டாம், விண்டோஸிலேயே நேரடியாக நோட் (ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் கருவி) ஓட்டுகிறேன் என்பவர்களுக்கு டெவ் டிரைவ் இருக்கிறது. விண்டோஸ் 11இல் 2023இல் வந்தது. ஆர்இஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஓடும், குறைந்தது 50 ஜிபி கேட்கும். அந்த டிரைவில் டிஃபெண்டர் ஃபைலைத் திறக்கும்போதே மறிக்காது, திறக்க விட்டுவிட்டுப் பிறகு பார்க்கும். ஆன்டிவைரஸை முழுசாக அணைத்துவிடு என்று யூடியூபில் சொல்பவர்கள் பேச்சைக் கேட்டு ஆபீஸ் லேப்டாப்பில் கை வைத்துவிடாதீர்கள், ஐடி ஆட்கள் கதவைத் தட்டுவார்கள்.

சுண்டல்

எல்லாம் சரி. நான் சொன்னதைச் செய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். பிஎன்பிஎம் ஒரு பேக்கேஜின் ஒரு வெர்ஷனை மெஷினில் ஒரே ஒரு இடத்தில்தான் வைக்கிறது. பத்து ப்ராஜெக்ட்டில் ரியாக்ட் இருந்தாலும் டிஸ்க்கில் ஒரே காப்பி. ப்ராஜெக்ட்டுக்குள் இருப்பது அதற்கான ஹார்ட் லிங்க், அதாவது அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர். எழுதவே வேண்டாம் என்றால் எழுதுகிற நேரம் எங்கிருந்து வரும்?

கரிசல்காடு

> எழுதவே வேண்டாம் என்றால் எழுதுகிற நேரம் எங்கிருந்து வரும்?

ஹார்ட் லிங்க் போடுவதும் ஃபைல் சிஸ்டம் வேலைதான் ஐயா, ஃபைலுக்கு ஒன்று போட வேண்டும். ஆனால் ஆமாம், பிரித்து எழுதுவதைவிட ரொம்ப மலிவு. அதில் சண்டை இல்லை.

ஒரு நிபந்தனை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஹார்ட் லிங்க் ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள்தான் போட முடியும். பிஎன்பிஎம் அந்த ஒரே காப்பியை வைக்கும் ஸ்டோர் ஒரு டிஸ்க்கில், ப்ராஜெக்ட் இன்னொரு டிஸ்க்கில் என்றால் பிஎன்பிஎம் சத்தமில்லாமல் காப்பியடிக்க ஆரம்பித்துவிடும். இவர் ஃபோல்டரை சி டிரைவிலேயே வைத்துக்கொண்டு பிஎன்பிஎம்முக்கு மாறியிருந்தால், ஸ்டோர் லினக்ஸ் பக்கம் ப்ராஜெக்ட் விண்டோஸ் பக்கம் என்று ஆகி காப்பியடித்துக்கொண்டே இருந்திருக்கும், இல்லை ஸ்டோரே சி டிரைவுக்குப் போய் அந்த 9பி வழியாகத் தவழ்ந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் “பிஎன்பிஎம் சும்மா விளம்பரம்” என்று இங்கே வந்து எழுதியிருப்பார். அதனால்தான் முதலில் அளக்கச் சொன்னேன்.

இன்னொன்று. என்பிஎம் எல்லா டிபெண்டென்சியையும் (ஒரு பேக்கேஜ் நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்கள்) மேல் மட்டத்துக்குத் தூக்கிப் பரப்பி வைக்கும். அதனால் பேக்கேஜ் ஃபைலில் நீங்கள் எழுதாத லோடாஷ் என்ற பேக்கேஜை, வேறு எதுவோ இழுத்து வந்த காரணத்தால், உங்கள் கோடில் இம்போர்ட் பண்ணியிருந்தாலும் ஓடும். பிஎன்பிஎம்மில் அது ஓடாது, எழுதாததைக் கண்ணில் காட்டாது. அதுதான் சரியான நடத்தை, ஆனால் பழைய ப்ராஜெக்ட்டில் மாறிய அன்றைக்கே இப்படிப்பட்ட இம்போர்ட்கள் வரிசையாக உடையும். உடனே சரிசெய்ய நேரமில்லை என்றால் நோட்-லிங்கர் என்ற அமைப்பை ‘ஹாய்ஸ்டட்’ என்று வைத்து பழைய மாதிரியே பரப்பச் சொல்லலாம்.

நைட்ஷிப்ட்

நான் மாற வேண்டாம் கட்சி. முழுக் குழுவும் ஒரே நாளில் மாற வேண்டும், இல்லாவிட்டால் ரெப்போவில் இரண்டு லாக் ஃபைல் உட்கார்ந்துகொண்டு ஒன்றுக்கொன்று முரண்படும். ஒருத்தர் பழக்க தோஷத்தில் என்பிஎம் அடித்துவிடுவார், அன்றைக்குப் பூராவும் “என் மெஷினில் ஓடுகிறதே” பஞ்சாயத்துதான்.

இவர்கள் ரீட்மியில் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ‘சிஐ’ என்ற கமாண்ட் 2018இல் வந்ததே பில்ட் சர்வர்களை மனதில் வைத்து. அது ஓடும்போது முதல் வேலையாக நோட் மாட்யூல்ஸை அழிக்கும். சர்வரில் அதுதான் வேண்டும், எல்லாம் சுத்தமாகத் தொடங்க வேண்டும். லோக்கலில் எதற்கு? நாலு பேக்கேஜ் மாறியதற்கு ஆயிரத்தையும் அழித்து மறுபடி போடுவது வேலையற்ற வேலை. வெறும் ‘இன்ஸ்டால்’ போதும். என்பிஎம் 7லிருந்து நோட் மாட்யூல்ஸுக்குள்ளேயே ஒரு மறைவான லாக் ஃபைலை எழுதி வைக்கிறது, இப்போது டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொண்டு வித்தியாசத்தை மட்டும் போடும்.

மாடிப்படி

ஆனால் ‘இன்ஸ்டால்’ அடித்தால் லாக் ஃபைல் தானாக மாறிவிடுகிறது, அப்புறம் அதை யாராவது கமிட் பண்ணிவிடுகிறார்கள். அதற்காகத்தான் எங்கள் லீட் சிஐ என்று எழுதினார்.

நைட்ஷிப்ட்

அப்படி மாறினால் குழுவில் ஆளுக்கொரு என்பிஎம் வெர்ஷன் இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அதுதான். நோட் வெர்ஷனை ஒரு என்விஎம்ஆர்சி ஃபைலில் எழுதி எல்லோரையும் ஒரே வெர்ஷனுக்குக் கொண்டுவாருங்கள், அதோடு வரும் என்பிஎம்மும் ஒன்றாகிவிடும். பேக்கேஜ் ஃபைலும் லாக் ஃபைலும் ஒத்துப்போகிற வரைக்கும் வெறும் இன்ஸ்டால் லாக்கைத் தொடக் காரணமில்லை.

அடுத்தது, பிராஞ்ச் மாறும்போதெல்லாம் இன்ஸ்டால் எதற்கு? லாக் ஃபைல் மாறியிருந்தால் மட்டும் போதுமே. கிட்டில் போஸ்ட்-செக்அவுட் என்று ஒரு ஹூக் (பிராஞ்ச் மாறியதும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) இருக்கிறது. பழைய கமிட், புதிய கமிட் இரண்டையும் அதற்குக் கொடுப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே லாக் ஃபைலில் வித்தியாசம் இருக்கிறதா என்று ஒரு கிட் டிஃப் பார்த்து, இருந்தால் மட்டும் இன்ஸ்டாலை ஓட்டு என்று எழுதிவிட்டால் முடிந்தது. இருப்பதிலேயே வேகமான இன்ஸ்டால் என்பது ஓடாத இன்ஸ்டால்தான்.

குருவிக்கூடு

குறுக்கே வருகிறேன். ஹூக்குக்குப் பதிலாக நான் கிட் வொர்க்ட்ரீ பயன்படுத்துகிறேன். ஒரே ரெப்போ, பிராஞ்சுக்கு ஒரு ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் அதற்கான நோட் மாட்யூல்ஸ். மாற வேண்டிய அவசியமே இல்லை, டெர்மினல் டேப் மாற்றினால் போதும். என்பிஎம்மில் இதைச் செய்தால் டிஸ்க் வீங்கும். பிஎன்பிஎம்மில் ஃபைல்கள் பகிரப்படுவதால் வலிக்காது. சுண்டலுக்கு ஒரு ஓட்டு.

சுண்டல்

நன்றி, நன்றி. இலவசமாக ஒரு தகவல்: ‘பிஎன்பிஎம் இம்போர்ட்’ என்று அடித்தால் என்பிஎம்மின் லாக் ஃபைலைப் படித்து அதே வெர்ஷன்களோடு தன் லாக் ஃபைலை உருவாக்கும். மாறுவது நைட்ஷிப்ட் பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை.

மாடிப்படி

க்ளோனை லினக்ஸ் ஹோமுக்கு மாற்றிவிட்டேன். நம்ப முடியவில்லை, நிமிடங்களாக இருந்தது விநாடிகளாகிவிட்டது, அதே என்பிஎம், அதே நெட். ஹாட் ரீலோடும் (கோடை மாற்றியதும் பக்கம் தானாகப் புதுப்பிப்பது) இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது, இத்தனை நாள் அதை ரியாக்டின் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது மிச்சம் ஸ்கிரிப்ட். எந்தப் பேக்கேஜ் நேரத்தைத் தின்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பனைவடலி

சி டிரைவில் இருந்தால் ஃபைல் மாறிய செய்தி லினக்ஸ் பக்கம் வந்து சேராது, அதனால்தான் ரீலோட் சொதப்பியது.

ஸ்கிரிப்ட் விஷயத்துக்கு லாக் ஃபைலைத் திறந்து ‘ஹேஸ்இன்ஸ்டால்ஸ்கிரிப்ட்’ என்று தேடுங்கள். இன்ஸ்டாலின்போது சொந்தமாக எதையாவது ஓட்டும் பேக்கேஜ்களுக்கு எதிரே ‘ட்ரூ’ என்று இருக்கும். வழக்கமாகக் கைவிரலால் எண்ணிவிடலாம்.

மாடிப்படி

பப்பட்டியர், பிகிரிப்ட், அப்புறம் இஎஸ்பில்ட்.

பனைவடலி

இஎஸ்பில்டை விடுங்கள், அது தன் பைனரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

பப்பட்டியர் இன்ஸ்டாலாகும்போது ஒரு முழு க்ரோம் பிரவுசரையே இறக்கும். 2022இல் வந்த 19ஆம் வெர்ஷனிலிருந்து அதை ஹோமில் கேஷ் ஃபோல்டருக்குள் வைக்கிறது, ஆகவே உங்கள் மெஷினில் ஒருமுறைதான் இறங்கும். ஆனால் டாக்கர் பில்டுக்குள் அந்த ஹோம் ஒவ்வொரு தடவையும் காலி, மறுபடி மறுபடி இறங்கும். முன்பக்கத்தில் வேலை செய்கிற ஆளுக்கு அது தேவையா? பிடிஎஃப் எடுக்கும் ஒரே ஒரு சர்வீஸுக்குத்தான் தேவை என்றால் மற்ற இடங்களில் ‘பப்பட்டியர் ஸ்கிப் டவுன்லோட்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளை வைத்துவிடுங்கள்.

பிகிரிப்ட் வேறு வகை. அது சி++ கோட். உங்கள் நோட்டுக்கும் ஓஎஸ்ஸுக்கும் பொருந்தும் தயார் பைனரி இருந்தால் அதை எடுத்துக்கொண்டு சட்டென்று முடித்துவிடும். இல்லாவிட்டால் நோட்-ஜிப் என்ற கம்பைல் கருவியைக் கூப்பிட்டு உங்கள் மெஷினிலேயே கம்பைல் பண்ண உட்காரும். பழைய பிகிரிப்ட் வெர்ஷனைப் பிடித்துக்கொண்டு புத்தம்புது நோட்டுக்கு ஏறியவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். பிகிரிப்டை ஏற்றுங்கள், அல்லது சுத்த ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய பிகிரிப்ட்ஜேஎஸ் இருக்கிறது. அது ஓடும்போது மெதுவு, இன்ஸ்டாலில் பிரச்சினையே இல்லை.

சுண்டல்

பிஎன்பிஎம் 10இலிருந்து டிபெண்டென்சிகளின் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்கள் எதுவும் தானாக ஓடாது, நீங்கள் பெயர் சொல்லி அனுமதித்தவை மட்டும்தான். வேகத்துக்காக வைத்ததல்ல, பாதுகாப்புக்காக. வேகம் கொசுறு.

நைட்ஷிப்ட்

இதற்கு ஒரு லைக். எவனோ எழுதிய ஸ்கிரிப்ட்டை நம் மெஷினில் கேட்காமலே ஓட்டுகிற வழக்கம் இத்தனை வருடம் நீடித்ததே ஆச்சரியம்தான்.

குருவிக்கூடு

கூகுளில் தேடினால் “ப்ராக்ரஸ் பாரை அணைத்தால் என்பிஎம் இரண்டு மடங்கு வேகமாகும்” என்று ஒரு அறிவுரை வரும். என்பிஎம் 3 காலத்தில், 2016இல், உண்மையாகவே அப்படி ஒரு வழு இருந்தது. இப்போது இல்லை. இன்னும் அதையே காப்பியடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ‘ஆடிட்’ (பாதுகாப்பு ஓட்டைச் சோதனை), ‘ஃபண்ட்’ (நன்கொடை அறிவிப்பு) இரண்டையும் என்பிஎம்மின் அமைப்பு ஃபைலான என்பிஎம்ஆர்சியில் அணைப்பதில் சின்ன லாபம் உண்டு, இன்ஸ்டாலோடு ரெஜிஸ்ட்ரிக்குப் (பேக்கேஜ்கள் இருக்கும் பொதுக் கிடங்கு) போகும் ஒரு கூடுதல் கேள்வி மிச்சமாகும். ஆனால் ஆடிட்டை பில்ட் சர்வரில் தனியாக ஓட்டுங்கள், மறந்துவிடாதீர்கள்.

மாடிப்படி

சரி, பைதான் பக்கம் வருவோம். டாக்கர்ஃபைலில் (இமேஜை உருவாக்கும் கட்டளைகளின் பட்டியல்) இருப்பதை வரிசையாகச் சொல்கிறேன்: பைதானின் ஆல்பைன் இமேஜ், வொர்க்டிர், முழு ஃபோல்டரையும் காப்பி, அப்புறம் பைதானின் பேக்கேஜ் மேனேஜரான பிப்பில் ‘பிப் இன்ஸ்டால், நோ-கேஷ்-டிர், ரிக்வயர்மென்ட்ஸ்’, கடைசியில் யுவிகார்ன் சர்வர். தேவையான பேக்கேஜ்களின் பட்டியலான ரிக்வயர்மென்ட்ஸில் பாண்டாஸ், டார்ச், போட்டோ3, இன்னும் முப்பது நாற்பது. வெர்ஷன் எண்கள் சிலவற்றுக்கு மட்டும் எழுதியிருக்கிறது.

ஈயச்சொம்பு

இதற்காகத்தான் காத்திருந்தேன். இந்த நாலு வரியில் எல்லாமே இருக்கிறது.

டாக்கர் ஒவ்வொரு வரியையும் ஒரு லேயராகச் சேமிக்கிறது. ஒரு லேயர் மாறினால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் செல்லாது. முழு ஃபோல்டரையும் முதலில் காப்பி பண்ணுவதால் எந்த ஃபைலில் ஒரு கமா மாறினாலும் பிப் வரி மறுபடி ஓடியே தீரும். ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை மட்டும் முதலில் காப்பி, அடுத்து பிப், அதற்கப்புறம் மிச்ச கோட். கூடவே டாக்கர்இக்னோரில் டாட் கிட்டையும் நோட் மாட்யூல்ஸையும் சேருங்கள், அவற்றையும் சுமந்துகொண்டு போய் டாக்கருக்குள் போட வேண்டியதில்லை.

இது அன்றாடத் தொல்லையைத் தீர்க்கும். ஆனால் ரிக்வயர்மென்ட்ஸில் ஒரே ஒரு வரி சேர்த்தால் மறுபடி எல்லாம் இறங்கும். அதற்குத்தான் டாக்கரின் பில்ட் எஞ்சினான பில்ட்கிட்டின் கேஷ் மவுண்ட். ரன் வரியில் ‘மவுண்ட், டைப் கேஷ்’ என்று கொடுத்து பிப்பின் கேஷ் ஃபோல்டரைக் காட்டினால், லேயர் செல்லாமல் போனாலும் இறக்கி வைத்த வீல்கள் (பைதானின் தயார் பேக்கேஜ் ஃபைல்கள்) அப்படியே இருக்கும். டாக்கர் எஞ்சின் 23இலிருந்து பில்ட்கிட்தான் இயல்பு, தனியாக எதையும் இயக்க வேண்டாம்.

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நெட்டில் கிடைக்கிற டாக்கர்ஃபைல் எல்லாவற்றிலும் ‘நோ-கேஷ்-டிர்’ ஒட்டிக்கொண்டு வரும். இமேஜ் அளவு கூடக் கூடாது என்பதற்காக வைத்தது. கேஷ் மவுண்டைச் சேர்த்துவிட்டு இந்த ஃப்ளாக்கை அப்படியே விட்டால் கேஷ் ஃபோல்டர் காலியாகவே கிடக்கும், ஒன்றும் மாறவில்லையே என்று தலையைச் சொறிவீர்கள். மவுண்டில் இருப்பது இமேஜுக்குள் போகாது, ஆகவே ஃப்ளாக்கைத் தூக்கிவிடலாம்.

அடுத்தது ஆல்பைன். சின்ன இமேஜ் என்று எல்லோரும் எடுக்கிறார்கள். அதில் இருக்கும் சி லைப்ரரி வழக்கமான ஜிலிப்சி இல்லை, மஸ்ல். மெனிலினக்ஸ் என்று வரும் வழக்கமான வீல்கள் அதில் ஓடாது. மஸ்ல்லினக்ஸ் வீல்களுக்கு 2021இல் பிஇபி 656 என்ற பைதான் தர ஆவணம் வழி செய்தது, பாண்டாஸ் மாதிரி பெரிய பேக்கேஜ்கள் இப்போது போடுகின்றன. போடாத ஒன்று கிடைத்தால் பிப் சோர்ஸை இறக்கி ஜிசிசி கம்பைலரைத் தேடும், டார்ச்சில் அதற்கும் வழியில்லை. எப்படி இத்தனை நாள் டார்ச் ஓடியது என்று எனக்கே புரியவில்லை.

மாடிப்படி

டார்ச் வேறு ஒரு சர்வீஸின் ஃபைலில், அது டெபியன் ஸ்லிம். இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

ஈயச்சொம்பு

அப்படியென்றால் சரி. எல்லாவற்றையும் ஸ்லிம்மில் ஏற்றிவிடுங்கள், பில்டில் மிச்சமாகும் நேரத்துக்கு அந்தச் சில எம்பி பரவாயில்லை.

டார்ச் லினக்ஸில் பைதானின் பொதுக் கிடங்கான பைபிஐயிலிருந்து வந்தால் ஜிபியுவுக்கான குடாவும் என்விடியா லைப்ரரிகளும் கூடவே வரும், ஜிபி கணக்கில். உங்கள் லேப்டாப்பில் ஜிபியு இல்லை என்றால் பைடார்ச்சின் சிபியு இண்டெக்ஸைக் காட்டி இன்ஸ்டால் பண்ணுங்கள். ஆபீஸ் லைன் படுப்பதில் பெரிய பங்கு இதனுடையதாகத்தான் இருக்கும்.

கரிசல்காடு

போட்டோ3 இருக்கிறது, வெர்ஷன் பூட்டவில்லை என்றதும் எனக்கு அதில்தான் கண் போனது. பிப் 20.3 என்று 2020 கடைசியில் வந்ததிலிருந்து ரிசால்வர் (எந்த வெர்ஷன் என்று முடிவு செய்யும் பகுதி) கறாரானது. இரண்டு பேக்கேஜ்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் ஒரு வெர்ஷன் கீழே இறங்கிப் பார்க்கும், அதுவும் இல்லையென்றால் இன்னும் ஒன்று. போட்டோ3யும் போட்டோகோரும் அடிக்கடி ரிலீஸ் ஆகிறவை, அதனால் இறங்குவதற்குப் படிகளும் அதிகம். லாக்கில் ஒரே பேக்கேஜ் வேறு வேறு வெர்ஷனில் வரிசையாக டவுன்லோட் ஆவதைப் பார்த்தால் இதுதான் நடக்கிறது.

பிப்-டூல்ஸில் பிப்-கம்பைல் ஓட்டி எல்லா வெர்ஷனையும் பூட்டிய ஒரு ஃபைலை எடுங்கள். யோசிக்கிற வேலையை ஒருவர் ஒரு தடவை செய்தால் போதும், மற்றவர்கள் மெஷினெல்லாம் எதற்கு யோசிக்க வேண்டும்?

சுண்டல்

யுவி பற்றி யாரும் பேசவில்லையே.

கரிசல்காடு

பேசலாம். ஆஸ்ட்ரல் என்ற நிறுவனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்டது, ரஸ்ட்டில் எழுதியது. உண்மையாகவே வேகம். பிப் கமாண்டுகளை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொள்கிறது என்பதால் பிஎன்பிஎம் மாதிரி முழுக் குழுவையும் ஒரே நாளில் இழுக்க வேண்டியதில்லை. நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் “பிப்பைவிட இத்தனை மடங்கு” என்ற வரைபடங்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிப் இன்ஸ்டால் முடிந்ததும் எல்லா ஃபைலையும் பைட்கோடாக (பைதான் உடனே ஓட்டக்கூடிய வடிவம்) மாற்றி வைக்கிறது. யுவி இயல்பாக அதைச் செய்வதில்லை, முதல் இம்போர்ட்டின் தலையில் விட்டுவிடுகிறது. ஆகவே வித்தியாசத்தில் ஒரு பங்கு தள்ளிப்போட்ட வேலை. அதற்காக யுவி மெதுவு என்று சொல்லவில்லை, ஒரே நேரத்தில் பலவற்றை இறக்குவதும் கேஷிலிருந்து ஹார்ட் லிங்க் போடுவதும் சொந்தச் சாமர்த்தியம்தான். டாக்கரில் கேஷ் மவுண்டோடு ஓட்டினால் ஹார்ட் லிங்க் போட முடியவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும். மவுண்ட் வேறு ஃபைல் சிஸ்டம், பிஎன்பிஎம்முக்குச் சொன்ன அதே கதை. ‘யுவி லிங்க் மோட்’ வேரியபிளை ‘காப்பி’ என்று வைத்தால் எச்சரிக்கை போய்விடும்.

பனைவடலி

ஆபீஸ் லைன் பற்றி. ஒரு பழைய மெஷின் சும்மா கிடந்தால் அதில் வெர்டாச்சியோ போடுங்கள். என்பிஎம்முக்கான ப்ராக்ஸி ரெஜிஸ்ட்ரி, இயல்பாக 4873 போர்ட்டில் நிற்கும். முதலில் கேட்பவருக்கு வெளியிலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டு ஒரு காப்பி வைத்துக்கொள்ளும், அடுத்து கேட்பவருக்கு ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்தே போகும். பைதானுக்கு டெவ்பிஐ, டெபியன் பேக்கேஜுக்கு ஆப்ட்-கேஷர்-என்ஜி. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி பேக்கேஜை அதை எழுதியவர் ரெஜிஸ்ட்ரியிலிருந்து எடுத்ததும் உலகம் பூராவும் பில்ட்கள் விழுந்தன. கையில் காப்பி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

நைட்ஷிப்ட்

வெர்டாச்சியோ வைக்கிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் வழியாகப் புதிதாக ஒரு பேக்கேஜைச் சேர்த்தால் லாக் ஃபைலில் ‘ரிசால்வ்ட்’ என்ற இடத்தில் உங்கள் ஆபீஸ் மெஷினின் ஐபி போய் உட்கார்ந்துவிடும். அதைக் கமிட் பண்ணினால் வெளியே இருக்கும் பில்ட் சர்வர் அந்த ஐபியைத் தேடித் தேடிக் களைத்து டைம்அவுட் ஆகும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் அதே கதி. ‘ஆமிட் லாக்ஃபைல் ரெஜிஸ்ட்ரி ரிசால்வ்ட்’ என்று என்பிஎம்மில் ஒரு அமைப்பு உண்டு, அந்த முகவரியை எழுதவே வேண்டாம் என்று சொல்லலாம்.

குருவிக்கூடு

என்பிஎம், பைதான் இரண்டையுமே பேசிக்கொண்டிருக்கிறோம், மற்ற பேக்கேஜ் மேனேஜர்களைப் பயன்படுத்துபவர்களுக்காக ஒரு வார்த்தை. பிஎச்பி ஆட்கள் இன்னும் கம்போசர் 1இல் இருந்தால் 2க்கு ஏறுங்கள், 2020இல் வந்தது, பலவற்றை ஒரே நேரத்தில் இறக்கும், ராமும் குறைவாகத் தின்னும். ரஸ்ட்டில் 1.70இலிருந்து கார்கோ முழு இண்டெக்ஸையும் கிட்டில் இழுக்காமல் தேவையானதை மட்டும் கேட்கிறது, பழைய டூல்செயினில் இருந்தால் அதை மாற்றுவதே போதும். மேக்கில் ப்ரூ இன்ஸ்டாலுக்கு முன்னால் அவ்வப்போது தன்னையே அப்டேட் பண்ணிக்கொண்டு நிற்பதை ‘ஹோம்ப்ரூ நோ ஆட்டோ அப்டேட்’ வேரியபிள் நிறுத்தும்.

மாடிப்படி

டாக்கர்ஃபைல் வரிசையை மாற்றி, கேஷ் மவுண்ட் சேர்த்து, டார்ச்சை சிபியு இண்டெக்ஸுக்குக் கொண்டுபோனேன். கோட் மாற்றினால் பில்ட் இப்போது உடனே முடிகிறது. ரீட்மியைத் திருத்தி எம்ஆர் (மெர்ஜ் ரிக்வெஸ்ட்) போட்டிருக்கிறேன், லீட் ஒப்புக்கொண்டார். பிஎன்பிஎம் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டோம், சுண்டல் கோபித்துக்கொள்ள வேண்டாம். யுவிக்கு ஒரு சர்வீஸில் மட்டும் மாறியிருக்கிறோம்.

இப்போது சி டிரைவில் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. லினக்ஸ் பக்கம் பழைய நோட் மாட்யூல்ஸையெல்லாம் அழித்துவிட்டேன், ஆனாலும் விண்டோஸில் காலி இடம் கூடவே இல்லை.

பனைவடலி

டபிள்யூஎஸ்எல்லின் டிஸ்க் விண்டோஸ் பக்கம் ஒரே ஒரு பெரிய விஎச்டிஎக்ஸ் ஃபைல். உள்ளே எழுத எழுத அது வளரும், உள்ளே அழித்தால் தானாகச் சுருங்காது. ‘டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன்’ கொடுத்து நிறுத்திவிட்டு, டிஸ்க்பார்ட்டில் அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து ‘காம்பாக்ட் விடிஸ்க்’ அடியுங்கள். டாக்கர் டெஸ்க்டாப்புக்குத் தனியாக இன்னொரு விஎச்டிஎக்ஸ் இருக்கும், அதையும் பாருங்கள்.

ஈயச்சொம்பு

அதற்கு முன்னால் டாக்கர் பக்கம் பில்ட் கேஷை அழிக்கும் பில்டர் ப்ரூன் ஒன்று ஓட்டினால்தான் சுருக்குவதற்கே ஏதாவது இருக்கும். ஆனால் அதை ஓட்டினால் கேஷ் மவுண்டில் சேர்த்து வைத்த வீல்களும் சேர்ந்து போய்விடலாம், அப்படிப் போனால் அடுத்த பில்டில் டார்ச் மறுபடி இறங்கும். ஆபீஸில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.